சி டிரைவைச் சுருக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன: பழைய லேப்டாப், அதில் விண்டோஸும் இருக்க வேண்டும், பக்கத்தில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் வேண்டும், ஒரு போட்டோகூடப் போகக் கூடாது. காரைக்குடியில் என் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்கப் பார்டிஷன்தான், அதாவது ஒரே டிஸ்கைப் பல பகுதிகளாகப் பிரிப்பது.

கேள்வி: அக்கா, என் லேப்டாப் ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. லினக்ஸ் மின்ட் போட 60 ஜிபி ஒதுக்கப் பார்த்தேன். சி டிரைவில் 130 ஜிபி காலி இருக்கிறது. ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் (சுருக்கு) கொடுத்தால் 6 ஜிபிதான் சுருக்க முடியும் என்று காட்டுகிறது. ஹாஸ்டல் நண்பன் ஏதோ ஒரு பார்டிஷன் மென்பொருளைக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறான். போடலாமா?
கல்லூரி மாணவர், திருச்செங்கோடு

பதில்: நண்பரின் அன்புக்கு நன்றி சொல்லுங்கள், மென்பொருள் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதுவும் கிராக் செய்த பதிப்பு என்றால் பென்டிரைவைச் சொருகவே விடாதீர்கள்.

விண்டோஸ் காட்டுவதில் தவறு இல்லை, தம்பி. 130 ஜிபி காலி என்பதும் நிஜம், 6 ஜிபிதான் சுருங்கும் என்பதும் நிஜம். சுருக்குவது என்றால் பார்டிஷனின் வால் பக்கத்திலிருந்து வெட்டுவது. வெட்டப் போகிற பகுதியில் சாதாரண ஃபைல் கிடந்தால் விண்டோஸே அதை முன்னால் தள்ளிவிட்டு வெட்டும். ஆனால் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இடம் மாற்ற முடியாத ஃபைல்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று வாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அதற்குப் பின்னால் இருப்பதை மட்டும்தான் வெட்டலாம். உங்களுக்கு அது 6 ஜிபியாக அமைந்திருக்கிறது.

அப்படி அசையாதவை எவை? ஹைபர்னேட் ஃபைல் (தூங்கும் முன் விண்டோஸ் தன் நிலையை எழுதிவைப்பது), பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது உதவுவது), சிஸ்டம் ரீஸ்டோர் சேர்த்து வைக்கிற பழைய நகல்கள், பிறகு விண்டோஸின் ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ் தனக்காக வைத்திருக்கும் ஃபைல் அட்டவணை. உங்கள் லேப்டாப்பில் வழிமறிப்பது எது என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருமுறை ஷ்ரிங்க் கொடுத்துப் பார்த்துவிட்டு ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பதிவுகளில் 259 என்ற எண்ணைத் தேடுங்கள். கடைசியாக நகர்த்த முடியாமல் நின்ற ஃபைலின் பெயரை அது சொல்லிவிடும். இவ்வளவு உபயோகமான தகவலை இவ்வளவு ஆழத்தில் ஏன் ஒளித்து வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

முதல் மூன்றையும் தற்காலிகமாக அகற்றலாம். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து அட்மின் உரிமையோடு கமாண்ட் விண்டோவைத் திறந்து, 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்' என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் ஹைபர்னேட் ஃபைல் மறைந்துவிடும். சிஸ்டம் பிராப்பர்டீஸில் சிஸ்டம் புரொடெக்‌ஷன் பகுதிக்குப் போய் சி டிரைவுக்கு அதை அணையுங்கள்; பழைய ரீஸ்டோர் பாயின்ட்களையும் அழியுங்கள். அதே சிஸ்டம் பிராப்பர்டீஸில் அட்வான்ஸ்ட், பெர்ஃபார்மன்ஸ், வர்ச்சுவல் மெமரி என்று போனால் பேஜ் ஃபைல் வேண்டாம் என்று சொல்லலாம். ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஷ்ரிங்க் கொடுங்கள். பெரும்பாலும் இந்த இடத்திலேயே எண் எகிறிவிடும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் பழையபடி போட்டுவிடுங்கள். ஹைபர்னேட்டை மட்டும் அணைத்தே வையுங்கள். காரணம் கீழே இன்னொரு கேள்வியில் வருகிறது.

ஷ்ரிங்க் பெட்டியில் கேட்கிற எண் எம்பி கணக்கு. 60 ஜிபி வேண்டும் என்றால் 61440 என்று போட வேண்டும். 60 என்று மட்டும் போட்டுவிட்டு, லினக்ஸ் இன்ஸ்டாலர் இடம் போதாது என்கிறதே என்று கேட்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு.

சுருக்கியதும் கறுப்புப் பட்டையோடு 'அன்அலோகேட்டட்' என்று ஒரு கட்டம் தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதில் புது டிரைவ் உண்டாக்குவது, பெயர் வைப்பது, ஃபார்மேட் செய்வது எதுவும் வேண்டாம். லினக்ஸ் இன்ஸ்டாலர் வந்து தனக்கு வேண்டியபடி பிரித்துக்கொள்ளும். மின்ட் இன்ஸ்டாலரில் 'விண்டோஸுக்குப் பக்கத்தில் போடு' என்ற வசதியும் இருக்கிறது. அது தானே சுருக்கி, தானே போட்டுக்கொள்ளும். பலருக்கு ஒழுங்காகவே வேலை செய்கிறது, ஆனாலும் நான் அதைத் தொடுவதில்லை. என் கடையில் ஒரே விதிதான்: விண்டோஸ் பார்டிஷனை விண்டோஸே சுருக்கட்டும், லினக்ஸ் பார்டிஷனை லினக்ஸ் கருவி சுருக்கட்டும். தன் ஃபைல் எங்கே கிடக்கிறது, எதை நகர்த்தலாம் என்பது அந்தந்த சிஸ்டத்துக்குத்தான் முழுதாகத் தெரியும்.

எனவே இன்ஸ்டாலரில் கடைசியாக இருக்கும் 'சம்திங் எல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று 60 ஜிபி அளவில் ஒரு வரி தெரியும். அதை மட்டும் தேர்ந்தெடுத்து, இஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் முறை) வகையில் ஒரே பார்டிஷன், மவுன்ட் பாயின்ட் '/' என்று கொடுங்கள். உபுண்டு குடும்ப லினக்ஸ்களில் (மின்ட்டும் அதில் ஒன்று) ஸ்வாப்புக்கு, அதாவது ரேம் போதாதபோது உதவும் இடத்துக்கு, தனிப் பார்டிஷன் இப்போது கட்டாயம் இல்லை, ஃபைலாகவே வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே 100 எம்பி அளவில் ஒரு இஎஃப்ஐ பார்டிஷன் தெரியும். அதில்தான் விண்டோஸின் பூட் ஃபைல்கள் இருக்கின்றன. லினக்ஸும் அதையே பகிர்ந்துகொள்ளும், ஃபார்மேட் டிக் மட்டும் விழவே கூடாது. 'எரேஸ் டிஸ்க்' என்று தொடங்கும் வரியை விரல் தவறிக்கூடத் தொடாதீர்கள். அது சி, டி, போட்டோ, பிராஜெக்ட் என்று எதையும் பார்க்காது.

கிளம்பும் முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் தேடல் பெட்டியில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'பயோஸ் மோட்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே யூஇஎஃப்ஐ (கம்ப்யூட்டர் பூட் ஆகும் புது முறை) என்றிருந்தால் லினக்ஸ் பென்டிரைவையும் யூஇஎஃப்ஐ வழியிலேயே பூட் செய்ய வேண்டும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரியாகத் தெரிவது இதனால்தான். விண்டோஸ் ஒரு வழியிலும் லினக்ஸ் இன்னொரு வழியிலும் ஏறிவிட்டால், ஒவ்வொரு முறையும் பயோஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: லினக்ஸ் போடுவதற்கு முன் பேக்கப் எடுக்க வேண்டும் என்கிறார்கள். டேலி டேட்டா, பத்து வருடக் கணக்கு எல்லாவற்றையும் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு காப்பி செய்துவிட்டேன். இனி தைரியமாகத் தொடங்கலாம்தானே?
ஆடிட்டர் அலுவலக ஊழியர், விருதுநகர்

பதில்: தொடங்கவே கூடாது. சி, டி இரண்டும் ஒரே டிஸ்க். பார்டிஷன் அட்டவணை கெட்டால் இரண்டும் சேர்ந்தேதான் போகும், டிஸ்க் செத்தாலும் அப்படியே. சி டிரைவை ஃபார்மேட் செய்தாலும் டி பிழைக்கும் என்ற பழைய அனுபவத்தில் வந்த நம்பிக்கை இது. விண்டோஸை மட்டும் திரும்பப் போடுகிற வேலைக்கு அது சரி. பார்டிஷன் எல்லையையே மாற்றுகிற வேலைக்கு உதவாது.

வெளி ஹார்ட்டிஸ்க் ஒன்றில் காப்பி எடுங்கள். எடுத்த பிறகு அதை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். டேலி என்றால் அங்கே கம்பெனியைத் திறந்து கடைசி வவுச்சர் வரை வருகிறதா என்று பாருங்கள். லினக்ஸ் போடும்போது அந்த ஹார்ட்டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். சொருகியே வைத்திருந்து, இன்ஸ்டாலரில் அதைத் தவறாகத் தேர்ந்தெடுத்து, பேக்கப் மேலேயே லினக்ஸ் போட்டுக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம் எனக்கு. பத்து வருடக் கணக்கு என்றால் டிஸ்குக்கும் வயதாகியிருக்குமே? கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் நலத்தைப் பாருங்கள். 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினால் பார்டிஷன் பேச்சையே நிறுத்திவிட்டு முதலில் டிஸ்கை மாற்றுங்கள். சுருக்குவது, நகர்த்துவது எல்லாம் டிஸ்குக்கு நல்ல உழைப்பு கொடுக்கும். தள்ளாடும் டிஸ்க் அந்த உழைப்பில்தான் விழும்.

கேள்வி: சி டிரைவில் இடம் இல்லை. டி டிரைவைச் சுருக்கி 80 ஜிபி எடுத்துவிட்டேன். ஆனால் சி டிரைவில் 'எக்ஸ்டெண்ட்' மங்கலாகவே இருக்கிறது. எடுத்த 80 ஜிபியும் சும்மா கிடக்கிறது.
டிடிபி ஆபரேட்டர், சிவகாசி

பதில்: டி டிரைவைச் சுருக்கினால் காலி இடம் டி-க்கு வலது பக்கத்தில் விழும். சி இருப்பது டி-க்கு இடது பக்கம். பக்கத்து வீட்டுக்கு அப்பால் இருக்கும் காலி மனையில் உங்கள் வீட்டுச் சுவரை நீட்டிக் கட்ட முடியுமா? விண்டோஸ் கேட்பது அதைத்தான்: காலி இடம் சி-யின் வலது சுவரை ஒட்டியே இருக்க வேண்டும்.

ஜிபார்ட்டட் போன்ற கருவியைப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, டி டிரைவை முழுதாக வலது பக்கம் நகர்த்தலாம். முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வாலை வெட்டுவதும் தலையை நகர்த்துவதும் ஒரே மாதிரியான வேலை இல்லை. வாலை வெட்டும்போது அந்தப் பகுதியில் கிடக்கிற சில ஃபைல்கள் மட்டும் இடம் மாறும். பார்டிஷனின் தொடக்கத்தை நகர்த்தினால் உள்ளே இருக்கும் அத்தனையும் ஒவ்வொன்றாகப் படித்து இன்னொரு இடத்தில் எழுதப்பட வேண்டும். 400 ஜிபி டேட்டா, சுழலும் ஹார்ட்டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போனால் பாதி இங்கே, பாதி அங்கே என்று நிற்கும். உங்கள் டெஸ்க்டாப்புக்கு நல்ல பேட்டரியோடு யுபிஎஸ் இருக்கிறதா? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே மின்சாரம் நிறுத்தும் நாள் எது என்று பார்த்துக்கொண்டீர்களா? இவ்வளவு கவலை எதற்கு?

டி-யில் இருப்பதையெல்லாம் வெளி டிஸ்குக்கு எடுங்கள். திறந்து சரிபாருங்கள். டி-யை அழித்துவிடுங்கள். இப்போது சி-யின் வலது பக்கம் முழுக்கக் காலி, எக்ஸ்டெண்ட் உயிர் பெறும். வேண்டிய அளவு சி-க்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் புதிதாக டி உண்டாக்கி ஃபைல்களைத் திரும்பப் போடுங்கள். சி-க்கும் டி-க்கும் நடுவில் சில நூறு எம்பி அளவில் ரெகவரி பார்டிஷன் ஒன்று குறுக்கே நின்றால் மட்டும் எக்ஸ்டெண்ட் அப்போதும் வராது. அப்படி இருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், என் பழைய விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பில் டி-யைச் சுருக்கி லினக்ஸுக்கு ஒரு டிரைவ் உண்டாக்கப் போனேன். 'பேசிக் டிஸ்க் டைனமிக் டிஸ்காக மாற்றப்படும்' என்று ஏதோ கேட்டது. பயந்து 'நோ' கொடுத்துவிட்டேன். 'யெஸ்' கொடுத்திருக்க வேண்டுமா?
அரசுப் பள்ளி ஆசிரியை, அறந்தாங்கி

பதில்: பயந்தது நல்லதாகப் போயிற்று, டீச்சர். 'யெஸ்' கொடுத்திருந்தால் லினக்ஸ் போடும் திட்டமே அங்கே முடிந்திருக்கும். டைனமிக் டிஸ்கை லினக்ஸ் இன்ஸ்டாலர்களால் ஒழுங்காகக் கையாள முடியாது. விண்டோஸின் சொந்த வழியில் திரும்பப் பழைய நிலைக்கு வர வேண்டுமானால் எல்லா டிரைவையும் அழித்தாக வேண்டும்.

ஏன் கேட்டது? உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டது. 1983-இல் வந்த ஏற்பாடு; அதன் அட்டவணையில் நான்கு வரிதான் உண்டு. நான்கு பிரைமரி பார்டிஷன், அதோடு சரி. அந்தக் காலத்து லேப்டாப்புகளில் சிஸ்டம் ரிசர்வ்ட், சி, டி, கம்பெனி ரெகவரி என்று நான்கையும் அவர்களே நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாவதற்கு இடமில்லை என்றதும் விண்டோஸ் இந்தக் குறுக்கு வழியைக் காட்டுகிறது. புது முறையான ஜிபிடியில் இந்தத் தொல்லை இல்லை, விண்டோஸில் 128 பார்டிஷன் வரை போகலாம்.

உங்களுக்கான வழி, நான்கில் ஒன்றை விட்டுக்கொடுப்பது. டி-யில் இருப்பதை வெளியே காப்பி செய்துவிட்டு டி-யை அழித்து, அந்த இடத்தை அன்அலோகேட்டடாக விடுங்கள். மின்ட் இன்ஸ்டாலரில் அந்த இடத்தில் பார்டிஷன் உண்டாக்கும்போது 'பிரைமரி' வேண்டாம், 'லாஜிக்கல்' என்று தேர்ந்தெடுங்கள். நான்காவது வரியை எக்ஸ்டெண்டட் என்ற பெரிய டப்பாவாக்கி உள்ளே எத்தனை வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளும். லினக்ஸுக்கு லாஜிக்கலிலிருந்து பூட் ஆவதில் ஒரு சிரமமும் இல்லை. ரெகவரி பார்டிஷனை அழிக்கலாமே என்று தோன்றும். விண்டோஸ் 7-க்கான ஆதரவே 2020 ஜனவரியில் முடிந்துவிட்டதால் அதில் பெரிய நஷ்டம் இல்லைதான். ஆனால் அதன் அளவு பொதுவாக லினக்ஸுக்குப் போதாது.

அந்த லேப்டாப்பின் விண்டோஸ் 7-இல் வங்கி வேலை எதுவும் செய்யாதீர்கள். அதை லினக்ஸ் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் இன்ஜினீயரிங் முதல் வருடம். புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் உபுண்டு போட பயோஸில் ஏதோ மாற்றினான். இப்போது நீலத் திரையில் பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்கிறது. நாங்கள் எந்த கீயும் போடவே இல்லை.
ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் போடவில்லை, லேப்டாப்பே போட்டுக்கொண்டது. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல லேப்டாப்புகளில் டிஸ்க் பிட்லாக்கர் என்ற பூட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும். 24ஹெச்2 பதிப்புக்குப் பிறகு இது இன்னும் அதிகம். சாதாரண நாளில் போர்டிலிருக்கும் டிபிஎம் சிப் பூட்டைத் தானே திறந்துவிடுவதால் யாருக்கும் தெரியாது. செக்யூர் பூட்டை (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் ஆக விடும் காவல்) அணைத்தாலோ பூட் வழியை மாற்றினாலோ அந்த சிப் சந்தேகப்பட்டு 48 இலக்க எண்ணைக் கேட்கும்.

முதலில் மகன் மாற்றியதைப் பயோஸில் பழையபடி வைக்கச் சொல்லுங்கள். பல நேரம் அதோடு கீ கேட்பது நின்றுவிடும். நிற்கவில்லை என்றால், லேப்டாப்பை முதலில் தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சலில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போன் வழியாக நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பாருங்கள். கீ அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் நுழைந்திருந்தால் அது கல்லூரியின் கணக்கில் இருக்கலாம். அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் கேட்க வேண்டியிருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கீ தெரிந்தால் நீலத் திரையில் காட்டும் கீ ஐடியோடு ஒப்பிட்டுச் சரியானதைப் போடுங்கள். எங்குமே கிடைக்கவில்லை என்றால் டேட்டா திரும்பாது. என் கடையிலும் திறக்க முடியாது, திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவராலும் முடியாது.

உள்ளே நுழைந்த பிறகு, கீயைக் காகிதத்தில் எழுதி லேப்டாப் பையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். உபுண்டு போடும் முன் செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷனை அணைத்து, அது முழுதாக அவிழும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். உபுண்டுவுக்காக செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதே இல்லை என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். அது இருக்கும்போதே உபுண்டு ஏறும்.

கேள்வி: லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும்தான் முடிகிறது. ஃபைல் எதையும் சேமிக்க விடவில்லை.
போட்டோ ஸ்டூடியோ உரிமையாளர், தேனி

பதில்: நீங்கள் விண்டோஸை ஷட்டவுன் செய்யும்போது அது முழுதாகத் தூங்குவதில்லை. விண்டோஸ் 8-இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று வந்தது. அடுத்த முறை சீக்கிரம் எழுந்துகொள்ள, தன் உள்நிலையை ஹைபர்னேட் ஃபைலில் எழுதிவைத்துவிட்டு அரைத் தூக்கத்தில் இருக்கும். டிரைவ் இன்னும் விண்டோஸ் கையில்தான் இருக்கிறது என்று லினக்ஸ் கண்டுகொண்டு எழுத மறுக்கிறது. மறுப்பது உங்கள் நன்மைக்கு. கட்டாயப்படுத்தி எழுதினால் கல்யாண ஆல்பம் ஃபோல்டரோடு காணாமல் போக வாய்ப்பு உண்டு. முதல் பதிலில் சொன்ன அதே கட்டளையால் ஹைபர்னேட்டை அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து போய்விடும். பூட் ஆகச் சில விநாடி கூடும், அவ்வளவுதான்.

கேள்வி: உபுண்டு இன்ஸ்டாலரில் என் எஸ்எஸ்டியே தெரியவில்லை. பென்டிரைவ் மட்டும்தான் காட்டுகிறது.
ஐடி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: எஸ்எஸ்டி இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற டிஸ்க் நிர்வாக ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கும். பயோஸில் அதை ஏஹெச்சிஐ (டிஸ்கோடு பேசும் வழக்கமான முறை) ஆக்க வேண்டும், அல்லது விஎம்டியை அணைக்க வேண்டும். நேரே போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். முதலில் பிட்லாக்கர் கீ கையில் இருக்கட்டும். பிறகு விண்டோஸில் 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து பூட் பகுதியில் சேஃப் பூட் டிக் செய்து, ரீஸ்டார்ட் செய்து, நேராகப் பயோஸுக்குள் போய் மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து தேவையான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். அப்புறம் டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் நம்பர் ஏற்காமல் போகலாம். கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தங்கைக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இருந்தன. பாஸ் யாரும் பயன்படுத்தவில்லை என்று அந்தப் பார்டிஷனை டெலிட் செய்தேன். இப்போது கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கிறது. விண்டோஸும் போய்விட்டதா?
செல்போன் கடை ஊழியர், மணப்பாறை

பதில்: விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது, போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. கிரப் என்பது எந்த சிஸ்டத்தை ஏற்றுவது என்று கேட்கும் லினக்ஸின் பூட் நிரல். எம்பிஆர் டிஸ்கில் முதல் செக்டரில் கிரப்பின் துளியளவு பகுதி உட்கார்ந்திருக்கும். அதன் மீதி உடம்பு பாஸ் பார்டிஷனுக்குள் இருந்தது. உடம்பை நீங்கள் அழித்துவிட்டதால் அந்தத் துளி திகைத்து நிற்கிறது. அதே விண்டோஸ் பதிப்பின் டிவிடி அல்லது பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் வழியாகக் கமாண்ட் விண்டோவுக்குப் போய் 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' என்பதை ஆங்கிலத்தில் அடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் இதைச் செய்துவிட்டு அப்புறம் பார்டிஷனை அழித்திருந்தால் கறுப்புத் திரையே வந்திருக்காது. புது யூஇஎஃப்ஐ லேப்டாப் என்றால் இன்னும் சுலபம்: பயோஸ் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை மேலே கொண்டுவந்தால் போதும்.

சென்னை சி-டாக்கில் உருவாக்கிய பாஸை யாரும் தொட்டுப் பார்க்காமலே அழிக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்தப் பழைய லேப்டாப்பில் விண்டோஸைவிட ஏதாவது ஒரு லேசான லினக்ஸ் நன்றாகவே ஓடும்.

கேள்வி: ஒரு வருடம் முன்பு உபுண்டுவுக்கு 30 ஜிபி கொடுத்தேன். நிறைந்துவிட்டது. விண்டோஸிலிருந்து இன்னொரு 50 ஜிபி எடுத்துக் கொடுக்க வேண்டும்.
ஆராய்ச்சி மாணவி, மதுரை

பதில்: சிவகாசிக்காரரின் அதே சிக்கல், திசை மட்டும் வேறு. சி-யைச் சுருக்கினால் 50 ஜிபி உபுண்டுவுக்கு இடது பக்கம் விழும். அதைச் சேர்த்துக்கொள்ள உபுண்டுவின் தொடக்கத்தையே நகர்த்த வேண்டும். வேண்டாம். அந்த 50 ஜிபியைத் தனியாக ஒரு இஎக்ஸ்டி4 பார்டிஷனாக்கி, உங்கள் ஆய்வு டேட்டா ஃபோல்டரை அதில் வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் நகராது, இடமும் கிடைத்துவிடும்.

வலது பக்கம் காலி இருந்தால் இஎக்ஸ்டி4 ஓடிக்கொண்டிருக்கும்போதே விரியும். சுருக்க வேண்டுமென்றால்தான் பென்டிரைவிலிருந்து பூட் செய்ய வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் வகையில் போட்டவர்கள் சுருக்கும் ஆசையை விட்டுவிடலாம், அது பெரிதாகும், சிறிதாகாது. புதிதாகப் போடுகிறவர்களுக்கு: உபுண்டு 25 ஜிபி போதும் என்கிறது, மின்ட் 20 ஜிபி குறைந்தபட்சம், 100 இருந்தால் நல்லது என்கிறது. என் கணக்கில் 60-க்குக் குறைய வேண்டாம்.

கேள்வி: இன்ஸ்டாலரில் அவசரப்பட்டு டி டிரைவ் பார்டிஷனை டெலிட் செய்துவிட்டேன். உடனே லேப்டாப்பை அணைத்துவிட்டேன். குழந்தையின் போட்டோ எல்லாம் அதில்தான்.
இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: அணைத்தது மிகச் சரி, இனி அதை ஆன் செய்யாதீர்கள். பார்டிஷனை அழித்தால் அட்டவணையில் அதன் வரி மட்டும்தான் போகும். உள்ளே இருந்தவை மேலே வேறு எதுவும் எழுதப்படாத வரை அப்படியே கிடக்கும். டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவியால் தொலைந்த பார்டிஷனைத் தேடச் சொல்லுங்கள். உள்ளூர் சர்வீஸ்காரரிடம் கொடுத்தால், முதலில் முழு டிஸ்கையும் நகல் எடுத்துவிட்டு அந்த நகலில் வேலை செய்வாரா என்று கேளுங்கள். 'அதெல்லாம் எதற்கு' என்றால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எஸ்எஸ்டியாக இருந்து ஃபார்மேட்டும் ஆகியிருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் டெலிட்டோடு நிறுத்தியதால் நம்பிக்கை இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு ஆபத்து இருக்கிறதே, சுருக்காமலே லினக்ஸ் போட வழி இல்லையா?
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்

பதில்: இருக்கிறது, ஐயா, செலவு செய்யத் தயாராக இருந்தால் அதுவே சிறந்தது. இரண்டாவது டிஸ்க். உங்கள் லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேடி என்ற சட்டத்தோடு ஒரு எஸ்எஸ்டியைப் பொருத்தலாம். கேடி 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வரும். டிவிடி டிரைவை அளந்துவிட்டு வாங்குங்கள். லினக்ஸ் போடும் நேரத்தில் விண்டோஸ் டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றாவிட்டால், நீங்கள் இரண்டாவது டிஸ்கைக் காட்டினாலும் உபுண்டு குடும்ப இன்ஸ்டாலர் பூட் ஃபைலை முதல் டிஸ்கின் இஎஃப்ஐ பார்டிஷனில் கொண்டுபோய் வைக்கக்கூடும்.

லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும்தான் என்றால் அதுவும் வேண்டாம். மின்ட் பென்டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் ஐகானைத் தொடாமல், வைஃபை, ஒலி, பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று ஒரு சாயங்காலம் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: லினக்ஸுக்குப் போய்விட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. பேட்டரி மாற்ற வேண்டுமா?
வாசகர், புதுக்கோட்டை

பதில்: பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையின் லோக்கல் ஆர்டிசி அமைப்பை 1 என்று வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஒருமுறை செய்தால் போதும்.